பத்து இலட்சம் ரூபாயும் மெலிந்த குழந்தைகளும்: திருகோணமலைச் சங்கங்களுக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

ஊர்ச் சங்கப் பொருளாளர்களும், கோயில் மற்றும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்களும் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். போசணை குறைந்த குழந்தைகளுக்கென்று ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. அதை உலர் உணவுப் பொதியாகக் கொடுப்பதா, முன்பள்ளியில் சமைத்துக் கொடுப்பதா, சுகாதாரப் பிரிவோடு சேர்ந்து ஏதாவது செய்வதா, அல்லது குறைந்த செலவில் சிகிச்சை அளிப்பதாகச் சொல்லும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிவிடுவதா என்பதே அந்தக் கேள்வி. ஒப்பிடுவதற்கு வசதியாகக் கையில் பத்து இலட்சம் ரூபாய் இருப்பதாகவும், ஒரு டொலருக்கு 300 ரூபாய் எனவும் இங்கே வைத்துக்கொள்கிறேன். உள்ளூர்ச் செலவுக் கணக்குகள் எல்லாம் விளக்கத்துக்கான மதிப்பீடுகள். விலை மாறும்போது அவற்றை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில், எந்தக் குழந்தை?

"போசணை குறைந்த பிள்ளைகள் அறுபது பேர்" என்று ஒரு பட்டியல் சங்கத்தின் கைக்கு வரும்போது, அதில் மூன்று வெவ்வேறு நிலைகளில் உள்ள குழந்தைகள் கலந்திருப்பார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தை நீண்டகாலக் குறைவால் வளர்ச்சி குன்றியது. உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தை மெலிந்தது. இவ்விரண்டில் எதுவானாலும் வயதுக்கேற்ற எடை குறையக்கூடும் என்பதால், எடையை மட்டும் பார்த்து எழுதிய பட்டியலிலிருந்து யாருக்கு என்ன தேவை என்பதை அறிய முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட வளர்ச்சி நியமங்களின்படி, உயரத்துக்கேற்ற எடை நியம விலகல் அளவில் (அதே உயரமுள்ள ஆரோக்கியமான குழந்தைகளின் நடு அளவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு) −2க்குக் கீழே போனால் அது மெலிவு; −3க்குக் கீழே போனால் கடும் மெலிவு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலும், இரு பாதங்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலும் அதுவும் கடும் நிலைதான். 115க்கும் 125க்கும் இடைப்பட்டது நடுத்தர மெலிவு. கடும் மெலிவுள்ள குழந்தைக்குத் தேவைப்படுவது சிகிச்சை. மற்றவர்களுக்குத் தேவைப்படுவது நல்ல உணவும், கவனிப்பும், நோயற்ற சூழலும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதித் தெரிவுகள் பாதிக்கு மேல் தாமாகவே தெளிந்துவிடும்.

இலங்கையின் நிலை உலகப் போக்கிலிருந்து சற்று விலகியது. உலக அளவில் 2022இல் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஏறத்தாழ 14.8 கோடிப் பேர், மெலிந்தவர்கள் 4.5 கோடிப் பேர். அதாவது முதலாவது வகையினர் மூன்று மடங்குக்கு மேல். இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்விலோ ஐந்து வயதுக்குட்பட்டோரில் 17 வீதம் வளர்ச்சி குன்றியவர்கள், 15 வீதம் மெலிந்தவர்கள். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் அந்த 15 வீதத்தில் கடும் மெலிவு ஐந்தில் ஒரு பங்கு அளவே. நமது மெலிவின் ஒரு பகுதி கருப்பையிலேயே, குறைந்த பிறப்பு எடையோடு தொடங்குகிறது. ஆகவே நம் மாவட்டத்தில் மெலிந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை உணவு தேவையில்லை. தேவைப்படும் சிலருக்கோ அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

எடைபோடும் அளவுகோல்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்கப் பயன்படுத்துவன ஐந்து. கொடுக்கும் பொருள் உரிய வயதிலும் உரிய நிலையிலும் உள்ள குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேருகிறதா? குழந்தை தேறியதா என்பதை அளந்து காட்ட முடியுமா? கண்ணுக்குத் தெரியாத செலவுகளையும் சேர்த்தால் ஒரு குழந்தைக்கு எவ்வளவு ஆகிறது? நாம் கொடுக்காவிட்டாலும் அரசோ வேறொருவரோ அதைச் செய்திருப்பார்களா? பணம் தீர்ந்த பிறகு என்ன நடக்கும்? நான்காவது கேள்வியைத்தான் சங்கக் கூட்டங்களில் எவரும் கேட்பதில்லை. பல நேரங்களில் முடிவைத் தீர்மானிப்பதும் அதுவே.

| வழி | யாரைச் சென்றடைகிறது | அளக்க முடிவது | மறைந்திருக்கும் செலவு | பத்து இலட்சத்தில் (மதிப்பீடு) |
|---|---|---|---|---|
| உலர் உணவுப் பொதி | முழுக் குடும்பம் | பொதிகளின் எண்ணிக்கை மட்டும் | ஏற்றியிறக்கல், பகிர்வு, தெரிவில் மனக்கசப்பு | 200 பொதிகள், ஒரு தடவை |
| முன்பள்ளி உணவு | 3 முதல் 5 வயது | வருகை, ஓரளவு எடை | சமையல் கூலி, எரிவாயு, தண்ணீர் | 40 பிள்ளைகள், ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு |
| உள்ளூர்ச் சிகிச்சைக்குத் துணை | கடும் மெலிவுள்ள குழந்தையும் தாயும் | எடை கூடியது, இடைநின்றது, தேறியது | அனுமதி, தொடர்ந்து பார்ப்பவரின் வேதனம் | 30 முதல் 40 குழந்தைகள் |
| வெளிநாட்டுச் சிகிச்சை நிறுவனம் | கடும் மெலிவு, இறப்பு அபாயம் மிகுந்த இடம் | தேறியோர், இறந்தோர், இடைநின்றோர் வீதம் | பிறர் இலவசமாகத் தந்த சிகிச்சை உணவு கணக்கில் வராமை, பணம் அனுப்பும் விதிகள் | 16 முதல் 33 குழந்தைகள் |

கடைசி நிரலை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இருநூறு என்பது பொதி. முப்பது என்பது குழந்தை.

உலர் உணவுப் பொதி

சங்கங்கள் முதலில் நாடுவது இதையே. அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, சோயா, தேயிலை, ஒரு பால்மாப் பெட்டி. பொதி ஒன்று 5,000 ரூபாய் என்றால் இருநூறு வீடுகள். ஒரே நாளில் முடிந்துவிடும், படமும் எடுக்கலாம், நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டுவதும் எளிது.

குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 கலோரி தேவை. அந்த அளவு அரிசியில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சிறு வயிறு ஒரு தடவைக்கு ஏற்கும் அளவு மிகக் குறைவு என்பதால், கஞ்சியும் சீனித் தேநீரும் வயிற்றை நிரப்பிவிட்டு இரும்புச் சத்தையும் துத்தநாகத்தையும் புரதத்தையும் வெளியே நிறுத்திவிடுகின்றன. பொதியை உண்பது ஐந்தாறு பேர் கொண்ட குடும்பம். மெலிந்த குழந்தை அதில் மிகச் சிறிய பங்குகாரர். அரசு இலவசமாக வழங்கும் சத்துமாவான திரிபோஷாவுக்கும் இதே கதிதான். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்ற கணக்கில் 750 கிராம் பைக்கற் பதினைந்து நாளுக்கு வர வேண்டும், ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஒரு வாரத்தைத் தாண்டுவது அரிது. தாயைக் குறை சொல்லி இதைத் திருத்த முடியாது; பசித்த இரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் மூன்றாவதற்கு மட்டும் எந்தத் தாயும் ஊட்ட மாட்டாள்.

பால்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் 1983 முதல் தாய்ப்பாலூட்டலைப் பாதுகாக்கும் விதிக்கோவை ஒன்று நடைமுறையில் உள்ளது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாக்களை இலவசமாகக் கொடுத்துப் பரப்புவதை அது தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் சந்தேகத்துக்குரிய ஊரில், போத்தலைக் கொதிக்கவைக்க எரிபொருள் இல்லாத வீட்டுக்குப் பால்மா கொடுப்பது வயிற்றோட்டத்துக்கு வழி திறப்பதாகும், அந்த வயிற்றோட்டமே மெலிவை ஆழமாக்கும். பொதி கொடுப்பதென்றால் பால்மாவுக்குப் பதிலாகப் பயறு, கடலை, நெத்தலிக் கருவாடு, முட்டை ஆகியவற்றை வைக்கலாம்.

இருந்தாலும் பொதியே சரியான தெரிவாகும் வேளைகள் உண்டு. மார்கழி மழையில் மகாவலி பெருகி வெருகல் பக்கத்துக் கிராமங்கள் துண்டிக்கப்படும்போது, சமைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்கு அரிசியே மருந்து. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், குச்சவெளி முதல் சம்பூர் வரை சிறு வள்ளத்தை நம்பிய குடும்பங்களுக்கு வருமானம் சுருங்குகிறது. அப்போது கர்ப்பிணித் தாய் இருக்கும் வீடுகளுக்கு மட்டும், இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கொடுக்கும் பொதி, இருநூறு வீட்டுக்கு ஒரு தடவை கொடுப்பதைவிட மிகுந்த பயன் தரும். அந்தக் குடும்பங்களின் பெயர்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடமிருந்து (ஊருக்குப் பொறுப்பான அரச மருத்துவிச்சி) பெற வேண்டும். சங்க உறுப்பினரின் ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது.

முன்பள்ளி உணவு

இது ஒழுங்கான வழி. பிள்ளை கண்ணெதிரே உண்கிறது, உணவு வீட்டில் பங்குபோடப்படுவதில்லை, வருகை கூடுகிறது, ஆசிரியை மாதமொரு தடவை நிறுக்கவும் செய்யலாம். நாற்பது பிள்ளைகளுக்கு, ஒரு வேளைக்கு 150 ரூபாய் வீதம், 200 நாட்கள் என்றால் பன்னிரண்டு இலட்சம். சமைப்பவரின் கூலி, எரிவாயு, தட்டுகள், குடிநீர் ஆகியவை இதற்குள் அடங்கா. பாதி ஆண்டில் பணம் தீர்ந்து நிறுத்தப்பட்ட உணவுத் திட்டம் பெற்றோரிடம் விட்டுச்செல்லும் ஏமாற்றத்தையும் செலவாகவே எண்ண வேண்டும்.

அடிப்படையான குறை வயது. கருவுற்ற நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையான முதல் 1000 நாட்களில்தான் வளர்ச்சிக் குன்றல் பெரும்பாலும் உறைந்துவிடுகிறது. முன்பள்ளிக்கு வரும் பிள்ளை மூன்று வயதைத் தாண்டியது. கடும் மெலிவு மிகுந்த ஆபத்தை விளைவிப்பது ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்; அந்தக் குழந்தை வீட்டில், தாயின் இடுப்பில் இருக்கிறது. ஆகவே படிப்பும் பசியும் கவலையென்றால் முன்பள்ளி உணவு நல்லது, மெலிவைக் குணப்படுத்துவதே நோக்கமென்றால் அது குறி தவறிய வழி.

உள்ளூர்ச் சிகிச்சைக்குத் துணை நிற்றல்

நம் நாட்டில் சிகிச்சைக்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பதைப் பல சங்கங்கள் மறந்துவிடுகின்றன. குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையை நிறுத்து வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளியிடுகிறார். ஆண்டுதோறும் ஜூன் மாதம் போசணை மாதமாகக் கொள்ளப்பட்டு ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் நிறுத்து அளக்கும் முயற்சி நடைபெறுகிறது. எடை குறைந்தவர்களுக்குத் திரிபோஷா. கடும் மெலிவுள்ளவர்கள் சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்கும், சிக்கல் இருந்தால் வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணரிடமும் அனுப்பப்படுகிறார்கள். கடும் மெலிவுக்கு பி.பி.-100 என்ற அழுத்திய பிஸ்கற் வடிவச் சிகிச்சை உணவு பயன்படுகிறது. அதன் வழங்கலுக்கு யுனிசெப் துணை நின்றிருக்கிறது. மாவட்டப் பொது வைத்தியசாலை நகரில் இருக்க, கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. இவை எல்லாவற்றுக்கும் கட்டணம் இல்லை.

அப்படியானால் குழந்தை ஏன் தேறாமல் போகிறது? அமைப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் குழந்தைகள் நழுவுகிறார்கள். ஈச்சிலம்பற்றின் உட்கிராமத்திலிருந்து மூதூருக்கு வர ஒரு தாய் தன் அன்றாடக் கூலியை இழந்து, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்து, மற்றப் பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்து வர வேண்டும். புல்மோட்டையிலிருந்து நகரத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். 2009இல் கிண்ணியாப் பாலமும், 2011இல் மூதூர் வீதியின் பாலங்களும் திறக்கப்பட்ட பிறகு படகுத்துறையில் காத்திருந்த காலம் போய்விட்டது. ஆனால் தூரம் குறைந்த அளவுக்குப் பயணச் செலவு குறையவில்லை. மீன்பிடிக் குடும்பங்கள் பருவத்துக்கு ஏற்ப வாடி (கரையோரத் தங்குகுடில்) மாறுகின்றன. அறுவடைக் காலத்தில் தாய்மார் கூலிக்குப் போகிறார்கள். கிளினிக்குக்கு வர வேண்டிய மூன்றாவது தவணை தவறுகிறது, நான்காவது தவறுகிறது, பிறகு அந்தக் குழந்தை பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது. பிஸ்கற்றைத் தம்பி தங்கைகளும் தின்கிறார்கள். வயிற்றோட்டம் வந்தால் பெற்ற எடை ஒரே வாரத்தில் போய்விடுகிறது.

சங்கத்தின் பணம் இந்த இடைவெளியை நிரப்புமானால் அரசின் செலவு முழுவதும் அதனோடு சேர்ந்து வேலை செய்யும். ஒவ்வொரு தவணைக்கும் கிளினிக்குக்கு வந்த பிறகு பயணப்படியும் ஒரு வேளை உணவும் எனச் சராசரியாக 1,500 ரூபாய், எட்டுத் தவணைக்கு 12,000. வார்ட்டில் தங்க நேர்ந்தால் தாயின் சாப்பாட்டுக்கும் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு வாரத்துக்குப் பத்தாயிரம். சிகிச்சை உணவு அந்தக் குழந்தைக்கே மிஞ்சும்படி சகோதரர்களுக்கு முட்டையும் பயறும். இவற்றோடு தொடர்ந்து போய்ப் பார்க்கும் ஒருவரின் பகுதிநேர வேதனத்தையும் பங்கிட்டால் குழந்தை ஒன்றுக்கு 25,000 முதல் 33,000 வரை ஆகலாம். நல்ல தராசும் உயரம் அளக்கும் பலகையும் இல்லாத நிலையங்களுக்கு அவற்றை வாங்கிக் கொடுப்பதும் இதில் அடங்கும். அளவை பிழைத்தால் சிகிச்சையே பிழைத்துவிடும்.

இந்த வழியின் மறைசெலவுகள் பணத்தைவிடப் பொறுமையைத்தான் அதிகம் கேட்பவை. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியும் சுகாதார வைத்திய அதிகாரியின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு சங்கம் கிளினிக்கில் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் வைத்தியத் தகவல்; அது சங்கத்தின் வட்ஸ்அப் குழுவுக்கு வரக் கூடாது. கைமாறும் காசோலையோடு குழந்தையின் படம் எடுக்கும் வழக்கத்தை விட முடியாத சங்கம் இந்த வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே அந்தத் தாய்க்குச் செய்யும் உதவி. அத்துடன், அரசு செய்ய வேண்டியதை நாம் செய்யத் தொடங்கினால் அரசு பின்வாங்கும் அபாயமும் உண்டு. அதனால்தான் மருந்து, சிகிச்சை உணவு, சுகாதார ஊழியர் சம்பளம் ஆகியவற்றைத் தொடாமல், குடும்பத்தின் பக்கத்துச் செலவையும் மேலே சொன்ன சிறு துணைகளையும் மட்டும் ஏற்க வேண்டும் என்கிறேன்.

சிகிச்சை உணவை நாமே இறக்குமதி செய்து கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். கடும் மெலிவுள்ள குழந்தைக்குப் பசியின்மையோ காய்ச்சலோ வீக்கமோ இருந்தால், வீட்டில் அதைக் கொடுப்பது உயிராபத்து. அந்தக் குழந்தைக்கு வைத்தியசாலையில் முதலில் எஃப்-75 என்ற மென்மையான சிகிச்சைப் பால், பிறகே செறிந்த உணவு. நடுத்தர மெலிவுள்ள குழந்தைக்கும் அது பொதுவாகத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டலும் நடுத்தர மெலிவுக்குச் சத்துச் செறிந்த வீட்டு உணவையே அடிப்படையாக வைத்து, விசேட தயாரிப்புகளை அபாயம் கூடியவர்களுக்கு முதன்மையாக ஒதுக்குகிறது.

வெளிநாட்டுச் சிகிச்சை நிறுவனம்

இந்த வழியின் வலிமை அதன் வரலாற்றில் இருக்கிறது. கடும் மெலிவுள்ள குழந்தைகளைப் பல வாரங்கள் வைத்தியசாலையில் வைத்துச் சிகிச்சைப் பால் கொடுத்த காலத்தில், படுக்கை கிடைத்த சிலரே பிழைத்தார்கள். 1996இல் பிரெஞ்சு வைத்தியர் ஆந்திரே பிரியாந்தும் நியூட்ரிசெற் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் அந்தப் பாலையே நிலக்கடலைப் பசையாக மாற்றிப் 'பிளம்பிநட்' என்ற பெயரில் உருவாக்கினார்கள். தண்ணீர் இல்லாததால் அதில் கிருமி வளராது, சமைக்கவும் வேண்டாம். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. 2000ஆம் ஆண்டு எத்தியோப்பியாவில் ஸ்டீவ் கொலின்ஸ் என்ற வைத்தியர், சிக்கலற்ற குழந்தைகளை வீட்டிலேயே வைத்து வாரந்தோறும் பார்த்துக் குணப்படுத்தலாம் என்று செய்து காட்டினார். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலக உணவுத் திட்டமும் ஐ.நா. போசணை நிலைக்குழுவும் இம்முறையைக் கூட்டாக ஏற்றுக்கொண்டன.

இப்போது ஒரு குழந்தைக்குச் சராசரியாக ஆறு முதல் எட்டு வாரச் சிகிச்சை, ஏறத்தாழ 150 பொட்டலங்கள் கொண்ட ஒரு பெட்டி, தொடக்கத்தில் அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, வாராந்தம் எடை பார்த்தல். பெட்டியின் விலை 40 முதல் 50 டொலர். ஊழியர், போக்குவரத்து, சிக்கலான குழந்தைகளுக்கான வார்ட் எல்லாம் சேர்த்தால் பொதுவாக 100 முதல் 200 டொலர். அலிமா, அக்ஷன் எகெயின்ஸ்ற் ஹங்கர், சர்வதேச மீட்புக் குழு போன்ற பெரிய நிறுவனங்களும், நைஜீரியாவின் வடகிழக்கிலுள்ள கோம்பே மாநிலத்தில் இயங்கும் தைமாக்கா போன்ற சிறிய நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. நன்கொடையின் பயனைக் கணக்கிட்டுப் பரிந்துரைக்கும் கிவ்வெல் அமைப்பு இத்துறையில் நிதி வழங்கியிருப்பதும் இந்தச் செலவுக் கணக்கை நம்பித்தான்.

பத்து இலட்சம் ரூபாய் ஏறத்தாழ 3,300 டொலர். 16 முதல் 33 குழந்தைகள். உள்ளூர் வழியின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட இதே அளவு என்பதைக் கண்டு, அப்படியென்றால் நம்மூரிலேயே செய்யலாமே என்று தோன்றும். இரண்டு எண்களும் ஒரே பொருளை எண்ணுவன அல்ல. நைஜீரியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு முன் இறக்கிறார்கள். இலங்கையில் அது பத்துக்கும் குறைவு. அங்கே சிகிச்சை கிடைக்காத கடும் மெலிவுக் குழந்தையை மலேரியாவோ நிமோனியாவோ கொண்டுபோகும் வாய்ப்பு மிக அதிகம். இங்கே அந்தக் குழந்தை பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் மெலிந்து, அடிக்கடி நோயுற்று, பின்தங்கி வளரும். ஒரு ரூபாய்க்கு எத்தனை உயிர் என்ற கேள்விக்கு விடை நைஜீரியாவும் நைஜரும் சாட்டும்தான். ஊர்ப்பற்றை முன்வைத்து இதை மறுக்க முயல்வது நேர்மையாகாது.

மறைசெலவுகளும் உண்டு. பல நிறுவனங்களுக்குச் சிகிச்சை உணவு யுனிசெப் வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் "ஒரு குழந்தைக்கு இவ்வளவுதான்" என்று சொல்வது மலிவு மாயை. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி வெட்டப்பட்டபோது பல நாடுகளில் இந்த உணவின் வழங்கல் தடுமாறியது. ஆகவே பெட்டியை யார் தருகிறார், தராவிட்டால் என்ன ஏற்பாடு என்று கேட்க வேண்டும். அனர்த்த உதவிக்கான ஸ்பியர் நியமங்களின்படி சிகிச்சையிலிருந்து வெளியேறும் குழந்தைகளில் தேறியவர்கள் 75 வீதத்துக்கு மேலும், இறந்தவர்கள் 10 வீதத்துக்குக் கீழும், இடைநின்றவர்கள் 15 வீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். இந்த மூன்று எண்களையும் வெளியிடாத நிறுவனத்தை நான் தவிர்ப்பேன். தேறிய பிறகு மீண்டும் மெலிந்தவர்களையும் எண்ணிச் சொல்லும் நிறுவனம் கூடுதல் நம்பிக்கைக்கு உரியது.

திருகோணமலையிலிருந்து பணம் அனுப்புவதும் எளிதல்ல. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப முயலும் ஊர்ச் சங்கத்தை வங்கி பல கேள்விகள் கேட்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அந்தத் தடை இல்லை. பிரித்தானியாவில் வரி செலுத்துபவர் அங்கே பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால், கிஃப்ற் எய்ட் மூலம் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து சேரும். அதே பணத்தை ஊருக்கு நேரே அனுப்பினால் அந்தக் கால்பங்கு கிடைக்காது.

கோழியும் வீட்டுத்தோட்டமும்

இதைத் தனி வழியாக எண்ணாததற்குக் காரணம் உண்டு. எக்குவடோரில் நாளொரு முட்டை கொடுத்து நடத்திய ஆய்வில், 2017இல் வெளியான முடிவு குழந்தைகளின் உயர வளர்ச்சியில் நல்ல முன்னேற்றத்தைக் காட்டியது. அதே முறையை மலாவியில் செய்தபோது அத்தகைய வளர்ச்சி தென்படவில்லை. மலாவியில் அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே ஏரி மீனை உண்டுவந்தது ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. சூடை, கீரி போன்ற சிறு மீன்கள் மலிவாகக் கிடைக்கும் நம் கரையோரத்துக்கு இது நல்ல எச்சரிக்கை. மீன் வாசமே எட்டாத உட்கிராமங்களில் கோழிக்குப் பயன் கூடுதலாக இருக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முள் நீக்கிய மீனைச் சோற்றோடு மசித்து ஊட்டத் தயங்கும் தாய்மாருக்கு, அதைச் செய்து காட்டும் ஒரு சமையல் வகுப்பு கோழிக்கூட்டைவிட மலிவானது.

எந்தச் சங்கத்துக்கு எது

புலம்பெயர்ந்த நாட்டில் இருந்துகொண்டு, தன் பணம் எந்த நாட்டுக் குழந்தையைக் காப்பாற்றினாலும் சரி என்று நினைப்பவர், மேற்சொன்ன எண்களை வெளியிடும் சிகிச்சை நிறுவனம் ஒன்றுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். இங்கே இடைத்தரகர் தேவையில்லை, சங்கமும் தேவையில்லை. ஊருக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை அப்படி அனுப்பக் கூடாது, ஏனென்றால் கொடுத்தவர் நம்பிக் கொடுத்தது வேறொன்றுக்கு.

ஊரில் இருக்கும், வாரமொரு தடவை ஓடியாட இரண்டு மூன்று பேராவது உள்ள, குழந்தைகளின் படத்தைப் பகிராமல் இருக்கக்கூடிய சங்கத்துக்கு உள்ளூர்ச் சிகிச்சைக்குத் துணை நிற்பதே என் தெரிவு. அத்தகைய ஆட்கள் இல்லாத சங்கம் முன்பள்ளி உணவை ஏற்கலாம். ஆனால் ஓராண்டுப் பணம் முழுவதும் கையில் சேர்ந்த பிறகே தொடங்க வேண்டும். வெள்ளம் வந்தால் எல்லோருக்கும் பொதிதான், ஓராண்டுத் தொகையில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கி வைப்பதில் தவறில்லை.

உள்ளூர் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஜூன் மாத அளவீடு முடிந்ததும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, பெயர்களைக் கேட்காமல், கடும் மெலிவுள்ள குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் தவணை தவறியவர்கள் எத்தனை பேர், எந்தக் கிராமங்களிலிருந்து என்ற மூன்றை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். அனுமதிக் கடிதம் கைக்கு வர வாரங்கள் ஆகும். பயணப்படி கொடுக்கும் முறையையும், அதைக் குடும்பநல உத்தியோகத்தர் ஒப்பமிட்டுக் கணக்கு வைக்கும் சிட்டையையும் செப்டெம்பருக்குள் ஒழுங்குபடுத்தி, ஒக்டோபரில் முதல் கொடுப்பனவைத் தொடங்கிவிட வேண்டும். நவம்பரில் மழை பிடித்தால் உட்கிராமப் பாதைகள் சேறாகும், வள்ளங்கள் கரையேறும், தவணை தவறும் தாய்மாரின் தொகையும் அந்த மாதத்திலிருந்தே ஏறத் தொடங்கும்.